பிரதமன் வாளியை மீட்ட கதை

மூன்றாவது வரிசையில் பாதி தூரம் போயிருப்பேன். இடது கையில் பிரதமன் என்கிற பாயசம் நிறைந்த வாளி, வலது கையில் கரண்டி. எதிரே ஒரு பெரியவர் அப்பளத்தை நொறுக்கி இலையில் அணை கட்டிவிட்டுக் காத்திருந்தார். குனிந்தேன். பச்சையாக இருந்த இலை வெள்ளையாயிற்று. பிறகு இரண்டாகத் தெரிந்தது. கால்கள் என்னைக் கேட்காமலே மடங்கின. இரண்டு இலைகளுக்கு நடுவில், சாப்பிட வந்தவன் மாதிரி, தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சொட்டுப் பிரதமன் கீழே சிந்தவில்லை. வாளியை மார்போடு அணைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். மார்பு சுட்டது. அப்போதும் விடவில்லை.

உட்கார்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. எழுந்திருக்க முடியவில்லை, அதுதான் வருத்தம். யாரோ ஒரு கிளாஸ் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். கண் தெளிந்தது, பேச்சு வந்தது, "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்றேன். ஆனால் கால்களை ஊன்றி எழப் பார்த்தால், அவை யாருடைய கால்களோ போல இருந்தன. கடைசியில் மூன்று பையன்கள் அக்குளில் கைகொடுத்து, அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையை இலையில் வைத்தபடி பார்த்தார்கள்.

எழுபதைத் தாண்டிய ஒருவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டுமா? எனக்கு அன்று அப்படித்தான் தோன்றியது.

உப்பிலிருந்து பிரதமன் வரை

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய, எங்கள் பந்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மட்டாஞ்சேரியில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் பாலக்காட்டிலிருந்து பல தலைமுறைக்கு முன் வந்தவை. வருஷத்தில் ஒரு நாள், தை பிறப்பதற்குமுன், எல்லோரும் சேர்ந்து சாஸ்தா ப்ரீதி நடத்துகிறோம். பூஜை முடிந்ததும் ஊருக்கே சாப்பாடு. சமையலுக்குத்தான் ஆள் வைப்போம். விளம்புவது, அதாவது பரிமாறுவது, நாங்களேதான். கூலிக்கு ஆள் வைத்து விளம்பினால் அது சாஸ்தாவுக்குச் செய்கிற சேவை ஆகாது என்பது எங்கள் கட்சி.

அதில் ஒரு படிவரிசை உண்டு. முதன்முதலில் கையில் கிடைப்பது உப்பு. உப்புக் கிண்ணத்தோடு சில வருஷங்கள். பிறகு உப்பேரி என்கிற வாழைக்காய் வறுவல், ஊறுகாய். அதன்பின் ஓலன், காளன் என்று கறிவகைகள். கல்யாணமாகிக் குழந்தை பிறந்தவனிடம்தான் சோற்றுத் தட்டைக் கொடுப்பார்கள். அப்புறம் சாம்பார், ரசம். எல்லாவற்றுக்கும் மேலே பிரதமன். வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்த்தேன். அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்து பெரிய குமாஸ்தாவாக வெளியே வந்தேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பிரதமன் வாளிக்கு வந்ததுதான் என் வாழ்க்கையின் ஒரே பெரிய பிரமோஷன்.

பிரதமன் விளம்புவது விளையாட்டல்ல. உயரத்திலிருந்து விட்டால் பக்கத்து இலைக்காரரின் வேட்டியில் தெறிக்கும். தரையோடு தரையாகக் குனிந்து, இலையின் வலது ஓரத்தில், வழிந்து ஓடாமல் மெதுவாக விட வேண்டும். போதும் என்று அவர் கையைக் குறுக்கே காட்டுகிறவரை விட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிறகு நிமிர வேண்டும். அடுத்த இலைக்கு மறுபடி குனிய வேண்டும். வாளியோ தேங்காய்ப்பாலும் வெல்லமுமாகக் கனக்கும்.

இன்னொரு சட்டமும் உண்டு. விளம்புகிறவன் கடைசிப் பந்தியில்தான் சாப்பிட வேண்டும். அதுவரை பச்சைத் தண்ணீர்தான். இந்தச் சட்டத்தை என்னைவிடக் கறாராகக் காப்பாற்றியவன் எங்கள் கூட்டத்தில் கிடையாது.

கசேரி

மறுநாள் டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு மத்தியானம்வரை பட்டினி கிடந்ததால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தது, இது முதலாவது. தொடையிலும் இடுப்பிலும் பலமே இல்லை, அதனால்தான் தெளிந்த பிறகும் எழ முடியவில்லை, இது இரண்டாவது. சட்டம் என் பக்கம் இருந்ததால் முதலாவதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது மட்டும் முள்ளாகத் தைத்தது.

அந்த வாரமே எங்கள் கூட்டத்தின் காரியதரிசி வெங்கிடி வீட்டுக்கு வந்தான். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவன். அவன் உப்புக் கிண்ணம் தூக்கிய காலத்தில் நான் சாம்பாருக்கு வந்துவிட்டேன். நல்ல பையன்தான், ஆனால் பதவி வந்ததிலிருந்து வயிறும் குரலும் முன்னே வருகின்றன.

"மாமா, தப்பா எடுத்துக்கப்படாது. அடுத்த வருஷத்திலேந்து நீங்கோ கசேரில உக்காந்துண்டு மேல்நோட்டம் பாத்தா மதி, அது போதும்," என்றான்.

"மேல்நோட்டம்னா?"

"எல்லாம் செரியா நடக்கறதான்னு பாக்கறது."

"நடக்கலைன்னா?"

"எங்கிட்ட சொன்னா மதி."

அவன் போன பிறகு என் மனைவி லலிதா சாயா கொண்டுவந்து வைத்தாள். இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு அவள் நாக்கைப் பற்றித் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த அத்தியாயமே போதும்.

"எந்தாக்கும் இப்படி மொகத்தைத் தூக்கி வச்சுண்டிருக்கேள்? கசேரி கெடச்சா ஊர்ல எல்லாரும் சந்தோஷப்படுவா."

"எனக்கு வாளிதான் வேணும்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்போ காலைத் தேத்துங்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

என் சொந்த வைத்தியம்

உடற்பயிற்சி என்ற வார்த்தைக்கும் எனக்கும் அதுவரை உறவு கிடையாது. இளமையில் படகுத்துறைக்கு நடப்பேன், படகில் ஏறி ஆபீஸ் போவேன். பிறகு ஸ்கூட்டர் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர், நாற்காலியில் உட்கார்ந்து டிவி. ஆலுவாவில் என் தம்பி ஒருவன் இருக்கிறான். வயதானால் ஓய்வு எடுக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. ஓய்வு எடுத்து எடுத்து, இப்போது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற ஒரு ஆளைக் கூப்பிடுகிறான். அவனைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

இப்போது வேகம் மட்டும் வந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரதமன் வாளிக்குப் பயிற்சி வாளிதானே! குளியலறை வாளியில் விளிம்புவரை தண்ணீர் பிடித்து, மாடி வராந்தாவில் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே நடந்தேன். நடுநடுவே குனிந்து, இல்லாத இலைகளுக்கு இல்லாத பிரதமனை விளம்பினேன்.

"ஏன்னா, வாளியும் கையுமா என்ன பிரதக்ஷிணம் இது? கீழே செவர் ஒழுகறது," என்று லலிதா மாடிப்படியிலிருந்து கத்தினாள்.

திரும்பிப் பார்த்தேன். முதுகில் ஏதோ பிடித்தது. வாளி கவிழ்ந்தது. இந்த முறை வாளியை அணைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒரு வாரம் படுக்கை. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் என்று லலிதா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஷெரின்

அப்படித்தான் ஷெரின் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிசியோதெரபி படித்த பெண். கோயம்புத்தூரில் படித்ததால் தமிழ் பேசுவாள், மலையாள ராகத்தில். வலி குறைந்த பிறகு, "அங்கிளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். "வலி போகணுமா, வேற எதாவதா?"

வாளி என்றேன். கதையைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். தரையில் நாலு செய்தித்தாளை வரிசையாக விரித்து, "இது இலை. விளம்பிக் காட்டுங்க," என்றாள். கையில் காலி வாளி. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. என் முழுத் திறமையையும் காட்டினேன்.

"முழங்கால் மடக்கவே இல்லையே அங்கிள்! கொக்கு மீன் பிடிக்கிற மாதிரியாணு குனியறீங்க."

"இத்தனை வருஷமா இப்படித்தாம்மா குனியறேன்."

"அத்தன வருஷமும் முதுகு பாவம் சகிச்சுது. இனி தொடையும் கொஞ்சம் ஜோலி எடுக்கட்டே."

பிறகு அவள் கற்றுக்கொடுத்தது எதுவும் பெரிய வித்தை போலத் தெரியவில்லை. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுவது, மெதுவாக உட்கார்வது. அந்த மெதுவாக உட்கார்வதில்தான் உயிர் போயிற்று. சமையல்கட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது. குக்கர் விசில் அடிக்கும்வரை ஒற்றைக் காலில் நிற்பது. முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்துக் குனிவது. தண்ணீர் வாளியில் ஒரு சொம்பு, அப்புறம் இரண்டு சொம்பு. எனக்கு அவசரம். அவளுக்கு அவசரமே கிடையாது.

காலையில் நடையும் உண்டு. லாரிகள் வருவதற்கு முன் பஜார் ரோட்டில் நடப்பேன். சாத்திய கோடவுன் கதவுகளுக்கு முன்னால் ஆடுகள் படுத்திருக்கும். ஒரு கதவைத் தாண்டினால் சுக்கு வாசனை, அடுத்ததைத் தாண்டினால் மிளகு, அப்புறம் தேயிலைத் தூள். ஆரம்பத்தில் சுக்கு வாசனையிலேயே மூச்சு வாங்கும். நாளாவட்டத்தில் தேயிலையைத் தாண்டிப் படகுத்துறைவரை போய்த் திரும்பினேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. தூக்கம் வந்தால் காலையில் கோபம் வரவில்லை. இதை லலிதாதான் கண்டுபிடித்துச் சொன்னாள். சர்க்கரையும் கட்டுக்குள் வந்திருக்கிறது என்றார் டாக்டர். எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்ததிலிருந்து கிடைத்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. எனக்கே நம்பச் சிரமமாக இருந்தது.

லலிதா முந்தினாள்

"ஆன்ட்டியும் வரணும்," என்றாள் ஷெரின் ஒரு நாள்.

"எனக்கெதுக்குடீ? விடிஞ்சா அஸ்தமிச்சா அடுக்களைல நின்னுண்டேதான் இருக்கேன்."

"நிக்கறது வேற, பயிற்சி வேற, ஆன்ட்டி. தரைல உக்காந்து எத்தன நாளாச்சு?"

லலிதா முழங்காலைத் தடவிக்கொண்டாள். யோசித்துப் பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து எனக்கு நினைவில்லை. முழங்கால் வலி வந்ததிலிருந்து எல்லாம் ஸ்டூலில்தான். கோலம்கூட நின்றபடி குனிந்துதான் போடுவாள். இதை நான் கவனிக்காமலே வருஷங்கள் போயிருக்கின்றன.

அன்றிலிருந்து வந்து சேர்ந்தாள். நான் வாளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் பேசாமல் செய்துகொண்டிருந்தாள். ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலை முன்னே வைத்து, தரையிலிருந்து எழுவதுதான் எங்கள் இருவருக்கும் மலையாக இருந்த பாடம். ஒரு நாள் காலையில் நான் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முக்கிக்கொண்டிருக்கிறேன், அவள் எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றுவிட்டாள்! நின்ற வேகத்தில் அவளே திகைத்துப்போய் ஷெரினைப் பார்த்தாள். ஷெரின் அவளைக் கட்டிக்கொண்டாள்.

எனக்குச் சந்தோஷமா பொறாமையா என்று கேட்டால், இரண்டும்தான். "அஞ்சில் வளையாதது அம்பதில் வளையுமாம்பா. எழுபதில் வளையறதே!" என்று லலிதா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அந்த மாதம் முடிவதற்குள் நானும் நாற்காலியை விட்டேன். அவள் முந்தியிராவிட்டால் இன்னும் பிடித்துக்கொண்டேதான் இருந்திருப்பேன்.

ஜமக்காளம்

சாஸ்தா ப்ரீதி நெருங்கியது. எங்கள் மடத்துக் கூடத்தில் கூட்டம். ஜமக்காளம் விரித்து, எல்லோரும் சம்மணமிட்டு உட்கார்வதுதான் வழக்கம். விளம்பும் வேலைகளை வெங்கிடி பிரித்துச் சொன்னான். பிரதமனுக்கு வேறொரு பெயர். என் பெயருக்கு நேரே மேல்நோட்டம்.

"வெங்கிடி, எனக்கு வாளி வேணும்," என்றேன்.

"மாமா, போன வருஷம் எல்லாரும் பயந்துபோயாச்சு. மறுபடி வேண்டாமே," என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு வருஷம் முழுக்கச் செய்ததெல்லாம் ஒரு வார்த்தையில் போய்விட்டது என்று நினைத்தேன்.

கூட்டம் முடிந்தது. எழுந்திருக்கும் நேரம். அப்போதுதான் கவனித்தேன், எங்கள் கூட்டம் எழுகிற அழகை! ஒருவர் தூணைத் தேடி நகர்கிறார். ஒருவர் பக்கத்திலிருப்பவர் தோளை அமுக்குகிறார், அந்தத் தோள்காரர் "ஐயோ" என்கிறார். ஒருவர் நாலு காலில் சுவர்வரை போய்விட்டார். எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள். நான் ஒரு முழங்காலை ஊன்றினேன், மறு காலை முன்னே வைத்தேன், எழுந்தேன். வேட்டியை உதறிவிட்டு நின்றேன்.

கீழே வெங்கிடி இன்னும் உட்கார்ந்திருந்தான். யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமலே பழக்கத்தில் கையை மேலே நீட்டினான். "ஒரு கை குடுங்கோ."

கொடுத்தேன். முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, ஷெரின் சொல்லிக்கொடுத்தபடி இழுத்து நிறுத்தினேன். நிமிர்ந்த பிறகுதான் யார் கை என்று பார்த்தான். முதலில் யாரோ சிரித்தார்கள், பிறகு கூடமே சிரித்தது. வெங்கிடியும் சிரித்துவிட்டான். அவன் நல்ல பையன் என்று முன்பே சொன்னேனே.

"செரி மாமா. வாளி உங்களுக்குத்தான்."

"ஒரு நிமிஷம்," என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. லலிதா. "சாப்பிட்டுட்டுத்தான் விளம்பணும். போன வருஷம் இவர் விழுந்தது பட்டினியாலேன்னு டாக்டரே சொன்னார். இவர் யார்கிட்டயும் சொல்லலை."

"சாப்பிட்டுட்டு விளம்பறது நடப்பில்லையே மாமி," என்றான் வெங்கிடி.

"நைவேத்யம் ஆனப்பறம் ரெண்டு இட்லி தின்னா எந்த சாஸ்தா கோச்சுக்கும்? இல்லைன்னா வாளி வேண்டாம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. சட்டத்தைக் காப்பாற்றியவன் நான்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாதாடினேன். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "போன வருஷம் அந்த மூணு பசங்க உங்களைத் தூக்கினபோது, உசிர் இருக்கான்னு எனக்குத் தெரியலை. அடுக்களை வாசல்ல நின்னுண்டு பாத்தேன்."

அதன்பிறகு நான் வாதாடவில்லை.

இரண்டு இட்லி

அன்று நைவேத்யம் ஆனதும், அண்டாக்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, திருடனைப்போல இரண்டு இட்லி சாப்பிட்டேன். சட்டம் மீறியவனுக்கு இட்லியும் கல்லாக இருக்கும்போல. அப்போது அண்டாவுக்கு மறுபுறமிருந்து சாம்பார் விளம்புகிறவர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் அறுபதுக்கு மேல், அவருக்கும் சர்க்கரை. "மாமா, இன்னும் இட்லி இருக்கோ?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் பின்னால் ரசம் நின்றிருந்தார். அதற்குப் பின்னால் சோறு.

பிறகு இலை போட்டார்கள். உப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் போயிற்று. என் முறை வந்தது. வாளியைத் தூக்கினேன். கனத்தது, ஆனால் கனம் இந்த முறை தொடையில் இருந்தது. குனிந்தேன், விட்டேன், நிமிர்ந்தேன். போன வருஷம் உட்கார்ந்த அந்த இடம் வந்தது. அதையும் தாண்டினேன். முதல் பந்தி, இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி. வந்திருந்த ஷெரின், இலையைப் பார்க்காமல் என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு கர்வம் வாழ்க்கையில் வந்ததில்லை. வரக்கூடாதா என்ன?

கடைசிப் பந்தி

கடைசிப் பந்தி விளம்புகிறவர்களுக்கும், காலையிலிருந்து அடுக்களையில் தேங்காய் துருவிக் காய் நறுக்கிய பெண்களுக்கும். எப்போதும் அந்த நேரத்துக்கு எனக்குப் பசியில் கண் இருட்டிவிடும். இலையில் குனிந்தால் நிமிர மாட்டேன். மிச்சம் மீதியை யார் யாருக்கோ யார் யாரோ தள்ளிவிடுவார்கள். பெண்களுக்கு ஓரத்தில் மேஜை போட்டிருக்கும். அங்கே என்ன போயிற்று, யார் போட்டார்கள் என்று ஒரு வருஷமும் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

இந்த முறை எனக்குப் பசியில்லை. மற்றவர்களெல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். வாளியோடு நான் மட்டும் நின்றிருந்தேன். வாளியில் பிரதமனும் இருந்தது. சரி என்று வரிசையின் தலையிலிருந்து ஆரம்பித்தேன்.

பாதி வரிசையில் லலிதா உட்கார்ந்திருந்தாள். மேஜையில் இல்லை, தரையில், இலைக்கு முன்னால், சம்மணமிட்டு. முழங்காலை மடக்கிக் குனிந்து, அவள் இலையின் வலது ஓரத்தில் பிரதமனை விட்டேன். ஒரு கரண்டி. எல்லோரையும்போல கையைக் குறுக்கே காட்டுவாள் என்று காத்திருந்தேன். காட்டவில்லை. இன்னொரு கரண்டி விட்டேன். அப்போதும் காட்டவில்லை. அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதியா?" என்று கேட்டேன்.

"ஊருக்கெல்லாம் விளம்பினேள்," என்றாள், நிமிராமல். "என் எலைக்கு இன்னிக்குத்தான் வந்தேள். விடுங்கோ."

எனக்குக் கண் மங்கியது, இந்த முறை பட்டினியால் அல்ல. கால்கள் மடங்கியபடியே உறுதியாக நின்றன. அவள் போதும் என்று சொல்கிறவரை விளம்பினேன்.